சோதனை அறைக்குள் தண்ணீருக்கு அனுமதி இல்லை

காபி மெஷின் ஒழுகுவது ஒன்றும் உலகத்தில் நடக்காத அதிசயம் இல்லை. தண்ணீர் புழங்குகிற எந்தச் சாமானும் ஒருநாள் ஒழுகத்தான் செய்யும். ஒழுகினால் துடைக்கலாம், பழுது பார்க்கலாம், தூக்கிக் கடாசலாம். இதற்கெல்லாம் ஒரு ஆள் போதும். ஆனால் ஒழுகுகிற மெஷினை ஒழுகவில்லை என்று நிரூபிக்க ஒரு பெரிய கட்டிடம் வேண்டும். அதற்குள் குளிர்சாதனம் வேண்டும், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட பட்டாளம் ஒன்று வேண்டும். அப்படிப்பட்ட கட்டிடம் ஒன்றுக்குத்தான் இப்போது உங்களைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். அதன் பெயர் வாடிக்கையாளர் மகிழ்ச்சி மையம்.

முதலில் மெஷினுக்கு உரியவர்களைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பள்ளிக்கூடத்து பஸ் ஓட்டுகிற டிரைவர். சிவப்பு விளக்கு எரிந்தால், எதிரே ஈ காக்கா இல்லாவிட்டாலும் நிற்பார். ‘இங்கே பேசாதீர்கள்’ என்று எழுதியிருந்தால் தும்மலைக்கூட வாசலுக்குப் போய்த் தும்மிவிட்டு வருவார். அச்சடித்த எழுத்தின்மேல் அப்படி ஒரு மரியாதை. அவருடைய மனைவி ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர். இரண்டு கையும் தட்டச்சில் இறங்கிவிட்டால், அதிகாரி சொல்லி முடித்துக் கொட்டாவி விடுவதற்குள் கடிதம் அவர் மேஜைக்கு வந்துவிடும். அந்தப் பெருமையில் பாதி டிரைவருக்கும் உண்டு. வீட்டில் அவரை ‘டைப்பிஸ்ட்டம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு காலை வேளையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது டைப்பிஸ்ட்டம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரி, மாத்திரை, பயிற்சி என்று அலைந்ததில் கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. கை வரவில்லை. பிறகு எல்லாம் மற்றவர்கள் கையால்தான். தலை வாரிவிட ஒருவர், சோறு பிசைந்து கொடுக்க ஒருவர், ரவிக்கைக் கொக்கி மாட்டிவிட ஒருவர். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் அந்த நேரத்தில்தான் இந்த மெஷினை வாங்கி அனுப்பினாள். பின்பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி, முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு பொத்தான். அடுப்பு வேண்டாம், சுடுதண்ணீர் தூக்க வேண்டாம். சின்னக் குவளையால் இடது கையில் தண்ணீர் மொண்டு தொட்டியில் ஊற்றி, அதே கையால் பொத்தானை அழுத்தினால் காபி. டிரைவர் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வீடு திரும்பும்போது, டைப்பிஸ்ட்டம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டு, “இந்தாங்க, டிரைவர் சார்” என்று கோப்பையை நீட்டினார். இடது கை கொஞ்சம் நடுங்கியது. முகம் பூராவும் சிரிப்பு. விழுந்ததிலிருந்து அவர் சிரித்து டிரைவர் பார்த்தது அன்றைக்குத்தான். டிரைவர் அந்தக் காபியை நின்றுகொண்டே குடித்தார். சர்க்கரை போட மனைவி மறந்திருந்தார், அதை டிரைவர் சொல்லவே இல்லை.

இந்த மெஷின்தான் ஒழுக ஆரம்பித்தது.

முதலில் சமையல் மேடையில் ஒரு ஈரக்கோடு. பிறகு விளிம்பிலிருந்து சொட்டு. பிறகு தரையில் தேங்கி நின்றது. ஒருநாள் டைப்பிஸ்ட்டம்மாவின் கால் அதில் வழுக்கிவிட்டது. மேடையின் விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டதால் தப்பித்தார். கணவர் வரும்வரை பிடியை விடாமல் அப்படியே நின்றிருந்தார்.

டிரைவர் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தார். சொட்டு விழும் தட்டைக் கழற்றிக் கழுவினார். உப்புப் படிவு நீக்கும் பொடி போட்டு மெஷினை ஓடவிட்டார். அடியில் காகிதத்தை விரித்து எந்தப் பக்கம் நனைகிறது என்று பார்த்தார். தொட்டி உட்காரும் இடத்துக்கு நேர் கீழேதான் நனைந்தது. அந்த இடத்தைக் கழற்றிப் பார்க்கலாம் என்று திருப்பினால், அங்கே ஒரு சின்ன ஒட்டுச்சீட்டு. ‘இதைக் கிழித்தால் உத்தரவாதம் ரத்து’ என்று அச்சடித்திருந்தது. அச்சடித்திருந்ததா, டிரைவர் கையை எடுத்துவிட்டார். மெஷின் கம்பெனியின் மகிழ்ச்சி மையத்துக்குப் போன் செய்தார்.

பாட்டு, விளம்பரம், மறுபடியும் பாட்டு எல்லாம் முடிந்த பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

“மகிழ்ச்சி மையம். சொல்லுங்க சார், எவ்வளவு மகிழ்ச்சியா இருக்கீங்க?”

“மெஷின் ஒழுகுதும்மா.”

“கசியுதுன்னு சொல்றீங்க. ஓகே சார். தொட்டிய எடுத்துட்டுத் திரும்ப வையுங்க.”

“வச்சுப் பாத்துட்டேம்மா. ஒழுகுது.”

“மெஷின நிறுத்திட்டுத் திரும்பப் போடுங்க.”

“போட்டேன். ஒழுகுது.”

“இப்ப தொட்டில இருக்கற தண்ணியக் கீழ ஊத்திடுங்க சார். ஊத்தியாச்சா? இப்ப போடுங்க. கசியுதா?”

“தண்ணி இல்லாம எப்படிம்மா கசியும்?”

“கசியல இல்ல சார்? ரொம்ப சந்தோஷம். உங்க பிரச்சினையத் தீர்த்து வச்சிட்டோம். நன்றி.”

போன் வைக்கப்பட்டது. டிரைவர் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார். நல்லவர்களுக்கு முதலில் இப்படித்தான் தோன்றும்.

அடுத்த விடுமுறை நாளில் மெஷினைப் பழைய போர்வையில் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மையத்துக்குப் போனார். கண்ணாடிக் கதவு. பளபளவென்று முகம் பார்க்கலாம் போன்ற தரை. வாசல் காவலர் பையைத் தடவிப் பார்த்தார்.

“தண்ணி பாட்டில் வச்சிருக்கீங்களா?”

“குடிக்கறதுக்கு வச்சிருக்கேன்.”

“வெளிய வச்சிட்டுப் போங்க. உள்ள ஈரத்துக்கு அனுமதி இல்ல.”

டிரைவர் மறுபேச்சில்லாமல் வைத்துவிட்டு உள்ளே போனார். டோக்கன் எடுத்தார், உட்கார்ந்தார். சுவரில் இருந்த டிவியில் காபி அருவி மாதிரிக் கொட்டிக்கொண்டே இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சோதனை அறை. வரிசை வரிசையாகக் காபி மெஷின்கள், எல்லாவற்றின் நெற்றியிலும் ‘கசிவு இல்லை’ என்ற பச்சைச் சீட்டு. அத்தனை மெஷினும் நன்றாக இருந்தால் இத்தனை பேர் எதற்காக இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்கவில்லை.

முறை வந்தது. சோதனை அதிகாரி வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். மெஷினை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார், தட்டினார், தொட்டியைக் கழற்றித் துணியால் துடைத்தார். பிறகு முடி உலர்த்துகிற கருவியை எடுத்து மூலை முடுக்கெல்லாம் சுடுகாற்று அடித்தார். அதன்பின் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் மெஷினை வைத்து, பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மெஷின் வெறும் வயிற்றோடு உறுமிவிட்டு ஓய்ந்தது. அதிகாரி துணியைத் தூக்கி விளக்கில் காட்டிப் பார்த்தார்.

“கசிவு இல்ல சார்.” பச்சைச் சீட்டை எடுத்து ஒட்டினார்.

“சார், தண்ணியே ஊத்தலையே.”

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்க்கிற பார்வை.

“தண்ணியா? இங்கயா?”

“தண்ணி ஊத்தினாத்தானே சார் ஒழுகுதா இல்லையான்னு தெரியும்?”

“நீங்க புதுசா சார்? உக்காருங்க, சொல்றேன். முன்னாடி எங்க ஆளுங்களும் தண்ணி ஊத்தித்தான் சோதிச்சாங்க. என்ன ஆச்சு? கொண்டு வர்ற மெஷின்ல பாதிக்கு மேல கசிஞ்சுது. தரை முழுக்கத் தண்ணி. தலைமை அலுவலகத்துலேர்ந்து பாக்க வந்த பெரியவர் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சு போச்சு. விட்டுடுவாங்களா? விசாரணைக் குழு போட்டாங்க. எல்லாரையும் கூப்பிட்டு விசாரிச்சாங்க. கடைசில காரணத்தக் கண்டுபிடிச்சாங்க.”

“வளையம் கிளையம் ஏதாவது தேஞ்சு போயிருந்துதா சார்?”

“தண்ணி, சார். வழுக்கினதுக்குக் காரணம் தண்ணி. அன்னிக்கே தடை போட்டாங்க. அதுக்கப்புறம் இந்த அறைல ஒரு மெஷின்கூடக் கசிஞ்சதில்ல. நம்ப மாட்டீங்க, ஒண்ணுகூட இல்ல. மத்த கம்பெனிக்காரங்க எல்லாம் எப்படி சாதிச்சீங்கன்னு வந்து கேட்டுட்டுப் போறாங்க.”

அதிகாரியின் குரலில் பொய் இல்லை, அதுதான் கொடுமை. பொய் சொல்கிறவனிடம் சண்டை போடலாம். தன் வேலையைப் பார்த்துத் தானே கண்கலங்குகிற மனிதனை என்ன செய்வது? டிரைவர் பச்சைச் சீட்டு ஒட்டின மெஷினைத் திரும்பவும் போர்வையில் சுற்றினார். பஸ்ஸில் வரும்போது, சீட்டுதான் ஒட்டிவிட்டார்களே, ஒருவேளை சரியாகியிருக்குமோ என்றுகூட நினைத்தார். வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றினார். நெற்றியில் பச்சைச் சீட்டோடு அடியில் ஒழுகியது.

இரண்டாம் தடவை போனபோது ஆதாரத்தோடு போனார். மெஷினுக்கு அடியில் போட்டிருந்த துணியை நனைந்தபடியே ஒரு பையில் கட்டி எடுத்துக்கொண்டு போனார். வாசல் காவலர் விடவில்லை. சத்தம் கேட்டுச் சோதனை அதிகாரி வெளியே வந்து துணியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். டிரைவர் மகிழ்ந்து போனார். கடைசியில் யாரோ ஒருவர் ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டார் அல்லவா? வெகுநேரம் கழித்துத் துணி திரும்பி வந்தது. நன்றாக உலர்த்தி, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து, உறையில் வைத்துக் கொடுத்தார்கள். அதன் மேலும் ஒரு பச்சைச் சீட்டு.

“ஆதாரத்த நல்லாப் பரிசோதிச்சோம் சார். ஈரம் இல்ல” என்றார் அதிகாரி.

டிரைவர் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் குரலை உயர்த்தினார். “சார், என் பொண்டாட்டிக்கு ஒரு கைதான் வேலை செய்யும். இந்தத் தண்ணில வழுக்கி விழப் பாத்தாங்க. விழுந்தா மிச்சம் இருக்கற கையும் போயிடும். அதுக்கு யாராவது பதில் சொல்லுவீங்களா?”

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரல் உயர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் மையத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. அவரை மாடிக்கு, மேலாளர் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். மேலாளர் எழுந்து நின்று கைகொடுத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார். இந்த மாதிரி மரியாதைக்கு நாம் எப்போதுமே பயப்பட வேண்டும்.

“உங்க வேதனை எனக்குப் புரியுது சார். நானும் ஒரு கணவன்தான். நாம ரெண்டு பேரும் சேர்ந்து நிதானமா யோசிப்போம். உங்க வீட்டுத் தரைல தண்ணி இருக்கு. நீங்க பொய் சொல்றவர் இல்ல, ஒத்துக்கறேன். மெஷின் கசியல. அதுக்குச் சான்று இருக்கு, நீங்களே கண்ணால பாத்தீங்க. அப்ப தண்ணி எங்கேர்ந்து வருது?”

டிரைவர் யோசித்தார். கேள்வி என்னவோ நியாயமாகத்தான் இருந்தது.

“மெஷின யாரு உபயோகிக்கறாங்கன்னு சொன்னீங்க?”

“என் பொண்டாட்டிதான்.”

“ஒரு கையால.”

“இடது கையால.”

“இடது கையால” என்று மேலாளர் மெல்லச் சொல்லிக்கொண்டார். பிறகு முகம் மலர்ந்தது. “உங்களுக்கு எங்க வீட்டு ஆய்வாளர அனுப்பறேன். மெஷின் நல்லாருக்கறப்ப வீட்டத்தானே சோதிக்கணும்?”

வீட்டு ஆய்வாளர் சின்ன வயசுக்காரர், பணிவானவர். காலில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மெஷின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குத்தான் சான்று இருக்கிறதே. மேடையின் சரிவை அளந்தார், ஜன்னலைப் பார்த்தார், கூரையில் ஒழுகல் உண்டா என்று அண்ணாந்து பார்த்தார். எல்லாம் முடித்துவிட்டு டைப்பிஸ்ட்டம்மாவிடம் வந்தார்.

“அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. குவளைல தண்ணி மொண்டு எப்படி ஊத்துவீங்கன்னு ஒரு தடவ காட்டறீங்களா? வெறும் குவளை போதும்.”

டைப்பிஸ்ட்டம்மா வெறும் குவளையை எடுத்து, காற்றை மொண்டு, காற்றில் ஊற்றிக் காட்டினார். ஆய்வாளர் குனிந்து, முழங்கை உயரத்திலிருந்து கவனித்தார்.

“இன்னொரு தடவ... இன்னொரு தடவங்கம்மா... நடுக்கம் எப்பவும் இருக்குமா?”

“கொஞ்சம் இருக்கும்” என்றார் டைப்பிஸ்ட்டம்மா. “ஆனா நான் சிந்தறதில்ல தம்பி.”

“சிந்தும்போது தெரியாதுங்கம்மா. அதுதான் இதுல சிக்கலே. எங்ககிட்ட வர்ற யாருமே சிந்தறதா ஒத்துக்கறதில்ல. உங்கள மாதிரிதான், நல்லவங்க, நம்பித்தான் சொல்றாங்க. பாருங்க, மெஷினுக்கு நடுக்கம் கிடையாது. அதுக்கு ஞாபக மறதி கிடையாது. மனுஷங்களுக்கு இருக்கு. மனுஷங்களக் குத்தம் சொல்லக் கூடாதுன்னு எங்களுக்குப் பயிற்சில சொல்லிக் குடுத்திருக்காங்க. அதனால குத்தம்னு எழுத மாட்டேன். காரணம்னு மட்டும் எழுதறேன்.”

அவர் போன பிறகு டைப்பிஸ்ட்டம்மா குவளையைக் கீழே வைக்காமல் கையிலேயே வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, நான் சிந்தறேனா?”

“சே சே, அவன் கெடக்கறான்” என்றார் டிரைவர்.

சொன்னார், உண்மைதான். ஆனால் மறுநாள் காலை அவர் செய்தது வேறு. வழக்கமாக வீட்டுக்கு வந்ததும் சாவியை மாட்டிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிடுவார். அன்றைக்குச் சமையலறை வாசலில் வந்து நின்றார். டைப்பிஸ்ட்டம்மா குவளையில் தண்ணீர் மொண்டார். டிரைவர் கையைப் பார்த்தார். மெஷினைப் பார்க்கவில்லை, தொட்டிக்கு அடியையும் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தார், ஆய்வாளர் பார்த்த மாதிரியே, கொஞ்சம் குனிந்து. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எத்தனை பேர், எவ்வளவு இனிமையாக, எவ்வளவு பளபளப்பான தரையில் நின்றுகொண்டு சொன்னார்கள். சந்தேகம் நல்ல மனிதனுக்குள்ளும் கதவைத் தட்டாமல் நுழைந்துவிடும்.

டைப்பிஸ்ட்டம்மா திரும்பிப் பார்த்தார். கணவர் பார்ப்பதைப் பார்த்தார். கை உதறியது. குவளை தொட்டியின் விளிம்பில் இடித்து, தண்ணீர் மேடையெல்லாம் கொட்டியது.

டிரைவர் துணியை எடுத்துத் துடைத்தார். துடைக்கும்போதே அவருக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. எந்த வார்த்தையைச் சொன்னாலும் அது அந்தத் தண்ணீரைத்தான் சுட்டிக்காட்டும் என்று வாயை மூடிக்கொண்டார்.

அதற்கடுத்த நாளிலிருந்து அவர் வரும்போது காபி தயாராக இல்லை. “மறந்துட்டேங்க” என்றார் டைப்பிஸ்ட்டம்மா. அப்புறம், “எனக்கே குடிக்கத் தோணல.” அப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். யாரும் பக்கத்தில் போகாத மெஷின் ஒழுகுமா? ஒழுகவில்லை. ஆய்வாளர் போன் செய்து விசாரித்தபோது டிரைவர் அதை உள்ளபடியே சொல்லிவிட்டார். “பாத்தீங்களா சார்!” என்று அவர் குதூகலித்தார். மையத்தின் கணக்கில் அது இன்னொரு வெற்றி.

இந்த வெற்றியால்தான் ஆண்டு விழாவுக்கு அழைப்பு வந்தது. மாதிரி வாடிக்கையாளராக டிரைவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பொறுமையாக வந்தார், ஒரு முறைதான் குரலை உயர்த்தினார், கடைசியில் கசிவு நின்றுவிட்டது என்று வாயாலேயே சொன்னார். வேறென்ன வேண்டும்? டிரைவர் போக வேண்டாம் என்றுதான் இருந்தார். “போயிட்டு வாங்க. நம்மள மதிச்சுக் கூப்பிட்டிருக்காங்க” என்று டைப்பிஸ்ட்டம்மாதான் அனுப்பிவைத்தார். சீருடையை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார்.

மேடை, மாலை, ஒலிபெருக்கி. வந்திருந்தவர்களுக்குக் குடிக்க எதுவும் கொடுக்கவில்லை. ஈரத்துக்குத்தான் அனுமதி இல்லையே. தலைமை அலுவலகத்துப் பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மேடையேறினார். இடுப்பு ஒடிந்த அதே பெரியவர். பேச்சு நீளம். எனக்கு நினைவிருக்கிற அளவுக்குச் சொல்கிறேன்.

“நண்பர்களே, மத்தவங்க மெஷின் தயாரிக்கறாங்க. நாம நம்பிக்கையத் தயாரிக்கறோம். ஒரு வாடிக்கையாளர் மெஷினத் தூக்கிட்டு அழுதுகிட்டே உள்ள வர்றார். போகும்போது என்ன எடுத்துட்டுப் போறார்? அதே மெஷினத்தான். ஆனா சான்றோட போறார்! இது சாதாரணமா?” கைதட்டல். “நம்மளப் பத்தித் தப்பாப் பேசறவங்க இருக்காங்க. நாம குறையத் திருத்தறதில்லையாம். அபாண்டம்! போன வருஷம் நம்ம தொழிற்சாலைல என்ன கண்டுபிடிச்சோம்? தொட்டிக்கு அடியில இருக்கற ரப்பர் வளையம், அது மட்டமான ரப்பர். கொஞ்ச நாள்லயே சுருங்கிப்போகுது. சுருங்கினா கசியுது. சும்மா இருந்தோமா? மறுநாளே புது வளையம்! இன்னிக்கு வர்ற ஒவ்வொரு மெஷின்லயும் அருமையான வளையம் இருக்கு.”

டிரைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பழைய மெஷின் வச்சிருக்கறவங்களுக்கு ஏன் சொல்லலன்னு கேட்டாங்க. எனக்கும் மனசாட்சி இருக்கு, நானும் யோசிச்சேன். சொன்னா என்ன ஆகும்? தான் வாங்கினது ஓட்டைன்னு அவங்க மனசு உடைஞ்சு போகும். நம்ம மையத்தோட பேர் என்ன? மகிழ்ச்சி! அவங்க மகிழ்ச்சியக் கெடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கு? அந்தப் பழியையும் நாமளே மௌனமாச் சுமக்கறோம், நண்பர்களே.” இப்போது எழுந்து நின்று கைதட்டினார்கள். சோதனை அதிகாரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அந்தக் கட்டிடத்துக்குள் எனக்குத் தெரிந்து கசிந்த ஒரே ஈரம் அதுதான்.

பிறகு டிரைவரை மேடைக்கு அழைத்துப் பரிசு கொடுத்தார்கள். வெல்வெட் துணி விரித்த கண்ணாடிப் பெட்டி. நடுவில், தரத்தின் சின்னமாக, அந்தப் புது ரப்பர் வளையம்.

“சார்” என்றார் டிரைவர். ஒலிபெருக்கி முன்னால் இருந்தது அவருக்குத் தெரியாது. “அப்ப என் வீட்டு மெஷின் ஒழுகினதுக்கு இந்த வளையம்தான் காரணமா?”

பெரியவர் அன்போடு அவர் தோளில் கைபோட்டார். “உங்க மெஷின் ஒழுகவே இல்லையே. சான்று குடுத்திருக்கோமே.”

“அப்ப எம் பொண்டாட்டி கைன்னு எழுதினீங்களே சார்?”

“அதுக்காகத்தான் உங்களப் பாராட்டறோம். குடும்பத்துல இருக்கற குறைய மறைக்காம ஒத்துக்கற மனசு எத்தன பேருக்கு வரும்?”

புகைப்படம் எடுத்தார்கள். டிரைவர் சண்டை போட்டிருக்கலாம், பெட்டியை மேடையில் உடைத்திருக்கலாம். அவர் நினைப்பெல்லாம் வீட்டில் இருந்தது. முதலில் கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். வழிநெடுக, மனைவியிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. டைப்பிஸ்ட்டம்மாவைக் கையோடு சமையலறைக்கு அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தார். ‘இதைக் கிழித்தால் உத்தரவாதம் ரத்து’ என்ற சீட்டைச் சர்ரென்று கிழித்தார். வாழ்க்கையில் அவர் மீறின முதல் அச்செழுத்து அது. உள்ளே பழைய வளையம் நகம் பட்டதுமே கையோடு வந்துவிட்டது. காய்ந்த தோல் மாதிரிச் சுருங்கிக் கிடந்தது. புதியதை வைத்து விரலால் அழுத்தினார். சட்டென்று உட்கார்ந்துகொண்டது. ஸ்பேனர் வேண்டாம், ஆள் வேண்டாம், ஒரு கையாலேயே மாட்டிவிடலாம். தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினார், பொத்தானை அழுத்தினார். மேடை காய்ந்தே இருந்தது. காகிதத்தை அடியில் விரித்து எடுத்து மனைவியின் முகத்துக்கு முன்னால் காட்டினார்.

“பாரு டைப்பிஸ்ட்டம்மா! ஒரு சொட்டு இல்ல பாரு! இந்தப் பாழாப்போன ரப்பர்தான். உன் கை இல்ல. உன் கையே இல்ல. அவங்களுக்கு மொதல்லேர்ந்தே தெரியும். தெரிஞ்சே சொன்னானுங்க. நானும் ஒரு மடையன்...”

டைப்பிஸ்ட்டம்மா காகிதத்தைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். கணவரின் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று தலையும் ஆட்டினார்.

“இப்ப நீ ஊத்து. நீயே ஊத்திப் பாரேன்.” டிரைவர் குவளையை நீட்டினார்.

“நீங்க ஊத்தினீங்க, சிந்தல” என்றார் டைப்பிஸ்ட்டம்மா. “நான் ஊத்தினா சிந்துங்க.”

“ரப்பர்தாம்மா காரணம். ரப்பர்!”

“அன்னிக்கு நான் கொட்டினத நீங்களும்தானே பாத்தீங்க.”

டிரைவர் குவளையை நீட்டியபடியே நின்றார். டைப்பிஸ்ட்டம்மா நோய் வந்ததிலிருந்து வலது கையைச் சால்வைக்குள் மறைத்து வைத்துக்கொள்வதுதான் வழக்கம். இப்போது இடது கையையும் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

மெஷின் காபியைக் கோப்பையில் நிரப்பிவிட்டு நின்றது. மேடையும் தரையும் சுத்தமாகக் காய்ந்திருந்தன. டிரைவர் சர்க்கரை போட்டுக் கலக்கினார், ஆறவைத்தார். டைப்பிஸ்ட்டம்மாவின் கை வெளியே வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். வரவில்லை. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கோப்பையை மனைவியின் வாயருகே பிடித்தார்.

“சூடா இருக்கா?”

“இல்லங்க, சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டு டைப்பிஸ்ட்டம்மா குடித்தார்.